முட்டையின் கரிமக் கணக்கு: நாடுகளை ஒப்பிடும்போது எதை ஒப்பிடுகிறோம்?

ஒரு கிலோ முட்டை என்பது நம் ஊர் அளவில் ஏறத்தாழ பதினெட்டு முட்டை. அதை உற்பத்தி செய்ய எவ்வளவு பசுமை இல்ல வாயு வெளியேறுகிறது என்று கேட்டால், ஆய்வுகள் தரும் விடைகள் ஒன்றுக்கொன்று வெகுதூரம் விலகி நிற்கின்றன. ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 2013இல் பன்றி, கோழி வளர்ப்பு குறித்து வெளியிட்ட உலகளாவிய மதிப்பீட்டின்படி சராசரி 3.7 கிலோ. ஜோசப் பூர், தாமஸ் நெமெசெக் இருவரும் 119 நாடுகளின் பண்ணைத் தரவுகளைத் திரட்டி 2018இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வின்படி ஏறத்தாழ 4.7 கிலோ. பிரிட்டனின் கூண்டுப் பண்ணைகளுக்கு 2012இல் கணக்கிட்டவர்கள் 2.9 என்றார்கள். அமெரிக்காவின் 2010ஆம் ஆண்டு உற்பத்திக்கு வந்த எண் 2.1. ஆஸ்திரேலியாவுக்கு 2011இல் வந்த ஆய்வு 1.3 என்றது. இந்த எண்களை வரிசையாக அடுக்கிப் பார்ப்பவர், ஆஸ்திரேலிய முட்டை உலகச் சராசரியைப் போல மூன்று மடங்கு தூய்மையானது என்ற முடிவுக்கு எளிதில் வந்துவிடுவார். அப்படிப்பட்ட தரவரிசைகள் பருவநிலை குறித்த விவாதங்களில் அடிக்கடி வருகின்றன. எந்த நாட்டு முட்டையைத் தவிர்க்கலாம், எந்த வளர்ப்பு முறையை ஊக்குவிக்கலாம் என்ற பரிந்துரைகளும் அவற்றின்மேல் எழுப்பப்படுகின்றன. அந்த அடித்தளம் உறுதியானதல்ல. வட்டாரங்களுக்கிடையே தெரியும் வேறுபாட்டில் பெரும்பகுதி இரண்டு இடங்களிலிருந்து வருகிறது: கோழியின் தீவனம் விளைந்த வயல், கோழியின் காலடியில் சேரும் எருவின் ஈரம். மிச்சத்தில் கணிசமான பங்கு கணக்குப் போடும் முறையால் வருவது. நாட்டின் பெயர் இவற்றில் எதையும் நமக்குச் சொல்லிவிடாது.

கணக்கில் சேர்பவை மூன்று வாயுக்கள்: கரியமில வாயு, மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு. பின்னிரண்டையும் அவை புவியைச் சூடாக்கும் திறனைக் கொண்டு கரியமில வாயுவின் அளவுக்கு மாற்றி, மூன்றையும் ஒரே எண்ணாகக் கூட்டுகிறார்கள். மாடும் ஆடும் அசைபோடும்போதே மீத்தேனை வெளிவிடுகின்றன. கோழி அப்படிச் செய்வதில்லை. நூறு கிராம் புரதத்துக்கு இறைச்சி மாட்டு மந்தையிலிருந்து சராசரியாக 50 கிலோ வெளியேறும்போது, முட்டையிலிருந்து 4.2 கிலோ மட்டுமே வெளியேறுவதாகப் பூரும் நெமெசெக்கும் காட்டியதற்கு இதுவே முதன்மைக் காரணம். ஆக, முட்டையின் கணக்கில் கோழியின் உடல் பெரிய பங்கு வகிப்பதில்லை. உணவு வேளாண்மை அமைப்பின் மதிப்பீட்டில் முட்டை உற்பத்தியின் மொத்த வெளியேற்றத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் தீவனத்தைச் சேர்ந்தது, ஐந்தில் ஒரு பங்கு எருவைச் சேர்ந்தது. கொட்டகையின் மின்சாரம், லாரிப் போக்குவரத்து, அட்டைப்பெட்டி எல்லாம் எஞ்சியதற்குள் அடங்கிவிடும். 'தொலைதூரத்திலிருந்து வந்த முட்டை' என்று கேட்டவுடன் எழும் கவலையைவிட, 'எந்த மண்ணில் விளைந்த மக்காச்சோளம்' என்ற கேள்வி பல மடங்கு முக்கியமானது.

தீவனத்திலிருந்து தொடங்குவோம். முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்கு 110 கிராம் தீவனம் தின்கிறது. ஆண்டுக்கு 40 கிலோ. அது ஆண்டில் 320 முட்டையிட்டு, ஒவ்வொன்றும் 55 கிராம் என்றால், கிடைப்பது 17.6 கிலோ முட்டை. ஒரு கிலோ முட்டைக்கு ஏறத்தாழ 2.3 கிலோ தீவனம். நன்றாகப் பராமரிக்கப்படும் பண்ணைகளில் இது 2.0 வரை இறங்கும். நோய் தாக்கிய மந்தையில், கோடை வெப்பத்தில் முட்டை குறைந்த மந்தையில், 2.5க்கு மேல் ஏறும். தீவன மாற்றுத் திறன் என்று பண்ணையாளர்கள் சொல்லும் இந்த ஒற்றை விகிதம்தான் அவர்களின் லாபத்தையும் தீர்மானிக்கிறது, வெளியேற்றத்தையும் தீர்மானிக்கிறது. அமெரிக்காவின் 1960, 2010ஆம் ஆண்டுகளை ஒப்பிட்டு நேதன் பெல்லெட்டியரும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் எழுதிய கட்டுரை இதற்கு நல்ல சான்று. ஐம்பது ஆண்டுகளில் ஒரு கிலோ முட்டைக்கான வெளியேற்றம் 71 சதவீதம் குறைந்திருந்தது. ஏழு கிலோவுக்கு மேல் இருந்தது இரண்டு கிலோவை ஒட்டி வந்துவிட்டது. கோழியின் முட்டையிடும் திறன் கூடியது, இறப்பு பாதிக்கும் கீழே போனது, தீவனத்தில் சேர்த்துவந்த விலங்குக் கழிவுப் பொருள்கள் குறைந்தன, உரத் தொழிற்சாலைகளின் எரிபொருள் சிக்கனமும் கூடியது. ஒரே நாட்டின் இரண்டு காலங்களுக்கு இடையில் இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது, 'அமெரிக்க முட்டை' என்று ஒன்றைச் சுட்டி ஒரே எண்ணை ஒட்டுவது எந்த அளவுக்குப் பொருத்தம் என்று யோசிக்க வேண்டும்.

ஆனால் தீவனத்தின் அளவு மட்டும் ஆஸ்திரேலியாவின் 1.3 கிலோவை விளக்காது. அங்குள்ள கோழியும் ஐரோப்பாவின் கோழியும் ஏறத்தாழ ஒரே இனம், ஒரே அளவு தீனி. வேறுபாடு வயலில் இருக்கிறது. பயிருக்கு இட்ட தழைச்சத்தில் ஒரு சிறு பகுதி மண்ணிலுள்ள நுண்ணுயிர்களால் நைட்ரஸ் ஆக்சைடாக மாறிக் காற்றில் கலக்கிறது. அதன் சூடாக்கும் திறன் நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப் போல 273 மடங்கு. எவ்வளவு மாறும் என்பது மண்ணின் ஈரத்தைப் பொறுத்தது. நீர் கோத்து காற்றோட்டம் குறைந்த மண்ணில்தான் இந்த மாற்றம் விரைவாக நடக்கும். ஐ.பி.சி.சி. என்கிற பருவநிலை மாற்றத்துக்கான அரசுகளிடைக் குழு 2006இல் எல்லா மண்ணுக்கும் பொதுவாக ஒரு சதவீதம் என்று வைத்திருந்தது. 2019இல் அதைத் திருத்தி, ஈரமான தட்பவெப்பத்தில் இடும் ரசாயன உரத்துக்கு 1.6 சதவீதம், வறண்ட தட்பவெப்பத்துக்கு 0.5 சதவீதம் என்று பிரித்தது. ஒரு கிலோ தழைச்சத்தைக் கொண்டு கணக்கிட்டால், பழைய விகிதப்படி வயலிலிருந்து 4.3 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமான வெளியேற்றம், ஈரமண்ணில் 6.9, வறண்ட மண்ணில் 2.1. மூன்று மடங்குக்கு மேல் வேறுபாடு, பண்ணையாளர் ஒரு துரும்பைக்கூட நகர்த்தாமல். ஆஸ்திரேலியாவின் கோதுமையும் சோளமும் பெரும்பாலும் மானாவாரியில், குறைந்த உரத்தில், குறைந்த மழையில் விளைபவை. அந்த நாட்டுக் கோழிப்பண்ணை பெற்ற நற்பெயரில் பெரும்பங்கு வானத்துக்குச் சேர வேண்டியது.

அடுத்தது சோயா. முட்டைக்கோழித் தீவனத்தில் மாவுச்சத்துக்கு மக்காச்சோளமோ கோதுமையோ, புரதத்துக்குச் சோயாப் புண்ணாக்கு என்பது உலகெங்கும் ஏறக்குறைய நிலைத்துவிட்ட சேர்மானம். ஐரோப்பா தன் சோயாவில் பெரும்பகுதியைப் பிரேசில், அர்ஜென்டினா போன்ற நாடுகளிலிருந்து வாங்குகிறது. காடோ செராடோ புல்வெளியோ அழிக்கப்பட்டு அந்தச் சோயா விளைந்திருந்தால், அங்கே மரத்திலும் மண்ணிலும் இருந்த கரிமம் வெளியேறியதையும் முட்டையின் பற்றில் எழுத வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்குப் பரப்பி எழுதுவது? வழக்கமாக இருபது. எந்தச் சோயாவுக்கு? இங்கேதான் ஆய்வாளர்கள் பிரிகிறார்கள். ஒருவர் அந்த நாட்டுச் சோயா முழுவதற்கும் சமமாகப் பகிர்கிறார்; மற்றொருவர் புதிதாக அழித்த நிலத்தில் விளைந்ததற்கு மட்டும் சுமத்துகிறார்; வேறொருவர் இதைத் தனிப் பத்தியில் காட்டிவிட்டு மொத்தத்தில் சேர்க்காமல் விடுகிறார். அமேசான் காட்டை அழித்து விளைவித்த சோயாவை வாங்குவதில்லை என்று 2006இல் பெரிய வணிக நிறுவனங்கள் ஒப்புக்கொண்ட பின்பும், அந்த ஒப்பந்தத்துக்கு வெளியே இருந்த செராடோவில் சாகுபடி விரிந்துகொண்டே போனது. ஒரே ஐரோப்பியப் பண்ணைக்கு, கோழியும் கொட்டகையும் மாறாமல், சோயா குறித்த இந்த ஒரு முடிவே எண்ணைக் கணிசமாக ஏற்றி இறக்கும். இரண்டு வட்டாரங்களை ஒப்பிடும் கட்டுரை ஒன்றைப் படிப்பவர் முதலில் தேடவேண்டிய வரி இதுதான்.

இனி எரு. அமிலப் புகைபோல் மூக்கில் ஏறும் அம்மோனியா, ஈக்கள், பக்கத்து ஊரின் புகார் என்று இதைப் பற்றிப் பேசுகிறோமே தவிர, பருவநிலைக் கணக்கில் அதன் இடம் பலருக்குத் தெரியாது. காற்றுப் படாமல் நீரில் மூழ்கிய எருவில்தான் மீத்தேன் உண்டாகும். உலர்ந்த எருவில் மிகக் குறைவு. எவ்வளவு குறைவு என்பதை ஐ.பி.சி.சி.யின் 2006ஆம் ஆண்டு வழிகாட்டியின் அட்டவணை தெளிவாகவே சொல்கிறது. வளர்ந்த நாடுகளின் முட்டைக்கோழி ஒன்றுக்கு, எரு உலர்ந்த நிலையில் இருந்தால் ஆண்டுக்கு 0.03 கிலோ மீத்தேன். எருவை நீரோடு கலந்து குட்டையில் தேக்கினால், வெப்பமான பகுதியில், 1.4 கிலோ. நாற்பத்தைந்து மடங்குக்கு மேல். மீத்தேனுக்கு 28 மடங்கு என்று வைத்து, முன்பு சொன்ன 17.6 கிலோ முட்டையால் வகுத்துப் பார்த்தால், உலர் எருவின் மீத்தேன் ஒரு கிலோ முட்டைக்கு 50 கிராமுக்கும் குறைவு. ஈர எருவின் மீத்தேன் 2.2 கிலோ. அமெரிக்கப் பண்ணைகளின் ஒட்டுமொத்த வெளியேற்றமாக 2010க்குச் சொல்லப்பட்ட எண்ணைவிடவும் இது சற்றுக் கூடுதல். ஒரே ஊரில், ஒரே ஆலையின் தீவனத்தை வாங்கும் இரண்டு பண்ணைகளில் ஒன்று எருவை வாரி உலர்த்துவதாகவும் மற்றொன்று கழுவிக் குட்டைக்கு விடுவதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டுக்கும் இடையிலான இடைவெளி ஆஸ்திரேலியாவுக்கும் பிரிட்டனுக்கும் இடையிலான இடைவெளியைவிடப் பெரியது. நாட்டுச் சராசரிகளை ஒப்பிடுவதில் எனக்குள்ள முதன்மையான தடை இதுதான்: அந்தச் சராசரிகள் வீட்டுக்குள் இருக்கும் வேறுபாட்டை மறைத்து, வேலிக்கு அப்பால் இருப்பதைப் பெரிதாக்குகின்றன.

நாமக்கல் வட்டாரத்தின் கொட்டகைகளை இந்தக் கண்ணோடு பார்ப்பது பயனுள்ளது. தூண்களின் மேல் உயர்த்திக் கட்டிய, பக்கங்கள் திறந்த கூண்டு வரிசைகள். கீழே மாதக்கணக்கில் கூம்பு கூம்பாகக் குவியும் எரு. அதை உலர்த்தும் வெயிலும் காற்றும். விசிறி, குளிர்விப்பான், எருவை இழுக்கும் பட்டை என்று எதுவும் இல்லாத இந்த அமைப்பு மின்சாரத்தை மிகக் குறைவாகவே கேட்கிறது. நிலக்கரி மின்சாரத்தை நம்பியிருக்கும் ஒரு நாட்டில் இது சிறிய அனுகூலமல்ல. எருவும் வீணாவதில்லை, கோழி எரு என்ற பெயரில் லாரி லாரியாகத் தோட்டங்களுக்குப் போகிறது. எல்லாம் அந்தக் கூம்பு உலர்ந்திருக்கும்வரைதான். கூண்டில் கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள் ஒன்று தேய்ந்து சொட்டத் தொடங்கினால், அதன் நேர் கீழே உள்ள கூம்பு சில நாட்களில் சரிந்து சேறாகிறது. ஈப்புழு நெளிகிறது, அம்மோனியா எழுகிறது; காற்றில் போகும் அந்த அம்மோனியாவின் ஒரு பகுதி வேறெங்கோ மண்ணில் படிந்து நைட்ரஸ் ஆக்சைடாகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் உள்ளே அடித்தாலும் இதே கதை. ஆக, ஈயைக் கட்டுப்படுத்த எருவை உலர வைக்கும் பண்ணையாளர், அறிந்தோ அறியாமலோ பருவநிலைக்கான வேலையையும் செய்கிறார். அவருக்கு இதைத் தனியாக ஒரு சுமையாகச் சொல்ல வேண்டியதில்லை.

வயலும் எருவும் போக, மூன்றாவது கணக்கு முறை. மேலே தந்த ஐந்து எண்களும் ஒரே எல்லைக்குள் போட்ட கணக்குகள் அல்ல. அமெரிக்க, ஆஸ்திரேலிய எண்கள் பண்ணை வாசலோடு நின்றுவிடுபவை. பூர், நெமெசெக் எண் கடைவரை போகிறது. பொட்டலம், போக்குவரத்து, இடையில் உடைந்து வீணாவது எல்லாம் அதில் சேரும். அமெரிக்காவில் முட்டையைக் கழுவி, குளிரூட்டி விற்பதே பொதுவான நடைமுறை. ஐரோப்பாவில் முதல்தர முட்டையைப் பொதுவாகக் கழுவக்கூடாது. இந்தியாவில் அட்டையில் அடுக்கிச் சாதாரண வெப்பநிலையிலேயே போகிறது. பண்ணை வாசலோடு நிற்கும் கணக்கில் இவை எதுவும் தெரியாது. மாற்றுவிகிதமும் நிலையாக இருந்ததில்லை. மீத்தேனுக்கு ஐ.பி.சி.சி. வெவ்வேறு அறிக்கைகளில் 21, 25, 28 என்று மாற்றியது. நைட்ரஸ் ஆக்சைடுக்கு 310, 298, 265, 273. பத்தாண்டு இடைவெளியில் வந்த இரண்டு கட்டுரைகளை அப்படியே பக்கத்தில் வைத்தால் இந்த மாற்றமும் வட்டார வேறுபாடாக வேடமிட்டு நிற்கும்.

முட்டையிட்டு முடித்த கோழியின் கணக்கு இன்னும் நுட்பமானது. தமிழ்நாட்டில் முட்டைக்கோழிக்குத் தனி விலை அறிவிக்கிறார்கள். அதற்குச் சந்தை இருக்கிறது, இறைச்சியாகச் சாப்பிடும் மக்கள் இருக்கிறார்கள். வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவின் பல பகுதிகளிலும் அந்தக் கோழிக்கு ஏறத்தாழ விலையே இல்லை. மொத்த வெளியேற்றத்தை விலையின் விகிதத்தில் முட்டைக்கும் இறைச்சிக்கும் பிரித்தால், நம் முட்டையின் பங்கு சற்றுக் குறையும், அவர்களின் முட்டையே முழுச் சுமையையும் ஏற்கும். எடையின் விகிதத்தில் பிரித்தால் வேறு விடை. எருவுக்கும் இப்படித்தான்: அது யூரியாவுக்கு மாற்றாகப் போகிறது என்று ஏற்றுக்கொண்டால் முட்டைக்கு ஒரு தள்ளுபடி கிடைக்கும், கழிவுப்பொருள் என்று கருதினால் கிடைக்காது. இரண்டு முறையும் நேர்மையானவை. கலந்து ஒப்பிடுவதுதான் தவறு.

இங்கே எழக்கூடிய முதல் மறுப்பு வளர்ப்பு முறை பற்றியது. வட்டாரத்தை விடுங்கள், கூண்டா திறந்தவெளியா என்பதுதானே முக்கியம். கூண்டுதான் குறைந்த வெளியேற்றம் தருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றனவே என்பார்கள். சொல்கின்றன, உண்மை. பிரிட்டனில் லெய்னோனென் குழுவின் 2012ஆம் ஆண்டு ஆய்வில் கூண்டுக்கு 2.92, கொட்டகைத் தரையில் வளர்த்தால் 3.45, திறந்தவெளிக்கு 3.38, இயற்கை முறைக்கு 3.42. ஆஸ்திரேலியாவில் கூண்டுக்கு 1.3, திறந்தவெளிக்கு 1.6. தரையில் உலவும் கோழி கூடுதலாக நடக்கிறது, கூடுதலாகத் தின்கிறது, கொஞ்சம் கூடுதலாகச் சாகிறது. ஆனால் இந்த வேறுபாட்டின் அளவைக் கவனிக்க வேண்டும்: ஆறில் ஒரு பங்கிலிருந்து நான்கில் ஒரு பங்குவரை. ஆஸ்திரேலியாவின் திறந்தவெளி முட்டை பிரிட்டனின் கூண்டு முட்டையில் பாதியைச் சற்றே தாண்டிய வெளியேற்றத்தோடு நிற்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2012 ஜனவரி முதல் பழைய வெற்றுக் கூண்டுகளைத் தடைசெய்தது கோழியின் நலனுக்காக. அதற்குப் பருவநிலை ஒரு விலை கொடுத்தது என்றால், அந்த விலை சோயாவை எங்கிருந்து வாங்குகிறோம் என்ற ஒரு முடிவால் ஈடுகட்டிவிடக்கூடிய அளவுதான். சிறகை விரிக்கக்கூட முடியாமல் ஓர் உயிரை அடைத்துவைப்பதற்கு, கரிமத்தின் பெயரால் நியாயம் தேடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. எண்களும் அந்த நியாயத்தைத் தரவில்லை.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வருவது. ஆலைத் தீவனம், சோயா, யூரியா எதுவும் இல்லாமல் கொல்லையில் மேயும் நாட்டுக்கோழியைவிடத் தூய்மையானது எது என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களின் உள்ளுணர்வில் நியாயம் இருக்கிறது. சிந்திய தானியம், புழு, அடுக்களை மிச்சம் ஆகியவற்றுக்கு வயலின் சுமை கிடையாது. ஆனாலும் உணவு வேளாண்மை அமைப்பின் மதிப்பீட்டில் கொல்லைப்புற முட்டையின் எண் 4.2, பெரிய பண்ணையின் எண்ணைவிடக் கூடுதல். பெட்டைக்கோழி ஆண்டுக்குப் பண்ணைக்கோழியின் ஐந்தில் ஒரு பங்கு முட்டைதான் இடுகிறது. அடைகாக்கிறது, குஞ்சு பொரிக்கிறது. அந்தக் குஞ்சுகளில் பல வெள்ளைக் கழிச்சலிலும் பருந்து, கீரிப்பிள்ளையின் வாயிலும் போய்விடுகின்றன. சேவலும் குஞ்சும் தின்றது, எச்சமிட்டது எல்லாம் கிடைத்த சில முட்டைகளின் பற்றில் ஏறுகிறது. இதை வைத்து நாட்டுக்கோழியைக் குற்றவாளியாக்க முடியாது. ஒரு குடும்பத்தின் கொல்லையில் பத்துக் கோழி என்பது முட்டை ஆலை அல்ல. அவசரச் செலவுக்கு விற்கும் சேமிப்பு, விருந்துக்கு இறைச்சி, பெண்ணின் கையில் தங்கும் சொந்தப் பணம். அத்தனை பயன்களையும் விட்டுவிட்டு முட்டையின் எடையால் மட்டும் வகுத்தால் எண் பெருக்கத்தான் செய்யும். இந்தக் கோழிக்குச் செய்ய வேண்டியது வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி. குஞ்சுகள் பிழைத்தால் குடும்பத்துக்கும் நல்லது, கணக்கிலும் எண் இறங்கும்.

மூன்றாவது மறுப்பு தலைக்கணக்கு பற்றியது. ஒரு கிலோவுக்கு எவ்வளவு என்று எதற்கு மயிர் பிளக்க வேண்டும், யார் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்பதுதானே நீதி என்பது. இதில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. மத்திய அரசின் புள்ளிவிவரப்படி 2023-24இல் இந்தியாவில் 14,277 கோடி முட்டைகள் உற்பத்தியாயின, தலைக்கு 103. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை ஆண்டுக்கு 180. ஜப்பானியர் ஒருவர் 300க்கு மேல் சாப்பிடுகிறார். நம் 103 முட்டைக்கு உலகச் சராசரி விகிதத்தையே போட்டாலும் ஆண்டுக்கு 21 கிலோ கரியமில வாயு வருகிறது. ஒன்பது லிட்டர் பெட்ரோலை எரித்தால் வருவது அவ்வளவுதான். சத்துணவுக் கூடத்தில் வாரம் ஐந்து நாள் முட்டை உண்ணும் குழந்தையின் தட்டைப் பார்த்துக் கரிமம் பேசுபவர் எவரும் முதலில் இந்த எண்ணைப் பார்க்க வேண்டும். குறைக்கச் சொல்ல இங்கே இடமில்லை. நாம் உண்ணும் அளவே இன்னும் முக்கால் பங்கு கூட வேண்டியிருக்கிறது. ஆனால் அதே காரணத்தால் கிலோக் கணக்கும் நமக்கு முக்கியமாகிறது. உண்ணும் அளவு கூடப்போகும் நாட்டில், ஒவ்வொரு கிலோவுக்கும் வெளியேறுவதை இன்றே குறைத்து அமைத்துக்கொள்வது, பின்னாளில் மாற்றுவதைவிட எளிது.

அப்படியானால் இந்தியாவின் எண் எங்கே நிற்கும்? சாதகங்கள் தெளிவாக இருக்கின்றன. திறந்த கொட்டகை, குறைந்த மின்சாரம், உலர் எரு, விலைபோகும் முட்டைக்கோழி, மத்தியப் பிரதேசத்திலும் மகாராஷ்டிரத்திலும் பழைய உழவு நிலத்தில் விளையும் சோயா. பாதகம் பெரும்பாலும் ஒரே இடத்தில் குவிந்திருக்கிறது: தழைச்சத்து. வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு இறவையில் ஹெக்டேருக்கு 250 கிலோ தழைச்சத்து கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை. எட்டு டன் விளைந்தால் ஒரு கிலோ தானியத்துக்கு 31 கிராம் தழைச்சத்து. ஐந்து டன் விளைந்தால் 50 கிராம். உரம் ஒன்றே, சுமை ஒன்றரை மடங்குக்கு மேல். 2018இல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு அடுத்த பருவத்தில் தமிழகத்து மக்காச்சோளத்தையும் தின்றுதீர்த்த படைப்புழு, அந்த ஆண்டு முட்டையின் கரிமக் கணக்கிலும் கை வைத்தது. எந்த நாட்டுச் சராசரியிலும் அது தெரிந்திருக்காது. இதோடு யூரியாவின் விலை. 45 கிலோ மூட்டை முந்நூறு ரூபாய்க்கும் கீழே கிடைக்கும்போது, மணிச்சத்தும் சாம்பல்சத்தும் விலையேறிக் கிடக்கும்போது, விவசாயி யூரியாவைத் தாராளமாகவே இடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. வயலில் இட்ட ஒவ்வொரு கிலோ யூரியாவும் தன்னுள் அடைத்துவைத்த கரியமில வாயுவை 0.73 கிலோ அளவுக்கு வெளிவிடுகிறது. அதன்மேல் நைட்ரஸ் ஆக்சைடு, அதற்கும் முன்னால் உர ஆலையில் எரிந்த இயற்கை எரிவாயு.

சாதகங்களும் நிரந்தரமல்ல என்பதை அண்மை ஆண்டுகள் காட்டுகின்றன. சோயாப் புண்ணாக்கு விலை எகிறியபோது 2021 ஆகஸ்டில் மரபணு மாற்றப்பட்ட சோயாப் புண்ணாக்கை 12 லட்சம் டன் இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. மக்காச்சோளம் எத்தனால் ஆலைகளுக்குப் போகத் தொடங்கியதும், ஏற்றுமதி செய்துவந்த நாடு 2024இல் இறக்குமதியின் பக்கம் சாய்ந்தது. தீவனத்தில் ஒவ்வொரு புதிய மூலப்பொருளும் ஒரு புதிய வயலைக் கூடவே இழுத்து வருகிறது. கப்பலில் வரும் சோயா எந்த நிலத்தில் விளைந்தது என்று கேட்கும் வழக்கம் நம் தீவன ஆலைகளுக்கு இதுவரை தேவைப்படவில்லை. இனித் தேவைப்படும்.

ஆகவே, வட்டார ஒப்பீடு வீண்வேலை என்று நான் சொல்லவில்லை. ஒரு வட்டாரத்தின் எண் இன்னொன்றின் பாதி என்று தெரிந்தால், ஏன் என்று கேட்கலாம். அந்தக் கேள்வி நம்மை வயலுக்கும் எருக்குழிக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்வரை அது பயனுள்ள கேள்வி. தரவரிசையோடு நின்றுவிட்டால் பயனில்லை. நாமக்கல்லிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்று இருக்கிறது, கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒரே வட்டாரத்தின் ஐம்பது, நூறு பண்ணைகளில் தீவனச் சீட்டு, முட்டைக் கணக்கு, இறப்புக் கணக்கு, எருவின் ஈரம், மக்காச்சோளம் வந்த ஊர் ஆகிய ஐந்தையும் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பதிந்தால் போதும். முதல் நான்கைப் பண்ணையாளர்கள் ஏற்கெனவே ஏதோ ஒரு வடிவில் வைத்திருக்கிறார்கள் அல்லது எளிதில் அளக்க முடியும். வேறெங்கோ குளிர்நாட்டில் அளந்த விகிதத்தை நம் முட்டையின் மேல் ஒட்டும் நிலை அதோடு முடியும். நல்ல பண்ணைக்கும் மோசமான பண்ணைக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதும் தெரிந்துவிடும். அந்தத் தூரத்தைக் குறைக்கும் வேலையை அளவீடு முடியும்வரை தள்ளிப்போடவும் வேண்டாம்: சொட்டும் நிப்பிளை மாற்றுவதற்கும், மக்காச்சோளத்துக்கு மண் பரிசோதனைப்படி உரமிடுவதற்கும் எந்த ஆய்வறிக்கையும் வரக் காத்திருக்கத் தேவையில்லை.